சோப்பும் பிஸ்கட்டும்

அந்த நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு நாற்காலி கிடைப்பதற்கு முன்பே பட்டப்பெயர் கிடைத்துவிடும். கடைகளில் விற்கிற அன்றாடச் சாமான்களின் விற்பனைக் கணக்கை வாரா வாரம் வாங்கி, எது ஏறுகிறது, எது இறங்குகிறது, ஏன் என்று அவற்றைத் தயாரிக்கிற கம்பெனிகளுக்குச் சொல்வதுதான் அங்கே தொழில். யாருக்கு எந்தச் சாமான் ஒதுக்கப்படுகிறதோ அதுவே அவர் பெயர். ஷாம்பு என்று ஒருவர் இருந்தார்; தலையில் மருந்துக்குக்கூட முடி கிடையாது. டீத்தூள் என்று ஒருவர். காபி தவிர வேறெதையும் தொடமாட்டார். சோப்பு என்று ஒருத்தி; அவள் சேர்ந்து ஒரு மாதம் கழித்து இன்னொருத்தி சேர்ந்தாள். அப்போது காலியாக இருந்தது பிஸ்கட். அன்றிலிருந்து பிஸ்கட் ஆனாள்.

ஆபீஸ் என்பது அப்போது ஒரே ஓர் அறை. கீழே பல் டாக்டர், மேலே இவர்கள். மூடப்பட்ட ஏதோ ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து முதலாளி மேஜைகளை வாங்கிப் போட்டிருந்ததால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம். சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் கிடைத்தது இரண்டு பிள்ளைகள் சேர்ந்து உட்காருகிற நீள மேஜை. எந்த மாணவனோ காம்பஸால் குடைந்துவைத்த ஓட்டை ஒன்று அதில் இருந்தது. சோப்பு தன் பென்சிலை அதில் நட்டுவைத்துக்கொண்டு, யோசிக்கும்போது மட்டும் பிடுங்குவாள்.

முதலாளியை முதலாளி என்று கூப்பிட்டது பாதி கேலிதான். வயதில் இவர்களைவிடக் கொஞ்சம் மூத்தவர், அவ்வளவே. காலையில் முதல் ஆளாக வந்து தானே அறையைப் பெருக்குவார். கிளையன்டோடு போனில் பேசிக்கொண்டிருக்கும்போது கீழேயிருந்து பல் குடைகிற மிஷின் ‘ர்ர்ர்’ என்று கிளம்பும். கிளையன்ட் அது என்ன சத்தம் என்று கேட்டால், கூச்சமே இல்லாமல், “மிஷின் ஓடிட்டிருக்கு சார், உங்க வேலைதான்” என்பார்.

டீம் செய்தி என்பது அந்த நாளில் கதவின் உள்பக்கம் ஒட்டுகிற ஒரு தாள். டீத்தூள்தான் எழுதுவார். ‘சோப்பு இந்த வாரம் லேசான ஏற்றம். பிஸ்கட்டுக்கு ஜலதோஷம், மற்றவர்கள் தள்ளி உட்காரவும். முதலாளி புதுச் செருப்பு வாங்கியிருக்கிறார், நிறுவனம் வளர்கிறது என்று கொள்க.’ திங்கட்கிழமை காலையில் வந்ததும் எல்லாரும் அந்தத் தாளின் முன்னால் நின்று படித்துச் சிரித்துவிட்டுத்தான் உட்காருவார்கள்.

பிஸ்கட்டின் வீட்டிலும் அவள் வேலை புகுந்துவிட்டது. கணவருக்குச் சின்னதாக ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. மாமனார் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். கிளையன்டிடமிருந்து வரும் மாதிரிப் பாக்கெட்டுகளை அவரிடம்தான் கொடுப்பாள். அவர் ஒவ்வொன்றாக டீயில் நனைத்து, கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொல்வார். “இது நனைச்சதும் விழுந்துடுதும்மா. நம்பிக் கையில பிடிக்க முடியாது.” மகளுக்கோ அம்மாவோடு கடைக்குப் போவதென்றாலே உயிர் போய்விடும். பால் வாங்கப் போன அம்மா பிஸ்கட் அலமாரி முன்னால் நின்று, எந்தப் பாக்கெட் கண்ணுக்கு நேரே இருக்கிறது, எது காலடியில் கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பாள். மகள் மூன்றாவது மனுஷி மாதிரி வாசலில் போய் நின்றுகொள்வாள்.

சோப்பு வேறு மாதிரி. நர்ஸாக வேலை பார்க்கிற அக்காவோடு இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. கணக்கில் ஒன்று உதைத்தது என்றால் அதை விடமாட்டாள். ஒரு முறை பெரிய கம்பெனி ஒன்றின் குளியல் சோப்பு ஒரே ஓர் ஊரில் மட்டும் திடீரென்று அதிகமாக விற்றது. புது விளம்பரம் வேலை செய்கிறது என்று அந்தக் கம்பெனியின் விற்பனை மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். சோப்புக்கு அது இறங்கவில்லை. விளம்பரம் எல்லா ஊரிலும்தானே ஓடுகிறது என்றாள். சனிக்கிழமை பஸ் ஏறிப் போனாள். திரும்பி வந்தவள், பையைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே சொன்னாள்.

“டீக்கடையில கை கழுவினேன். தேய்க்கத் தேய்க்க நுரையே வரல. அந்த ஊர்ல தண்ணி மாறிப்போச்சு, உப்புத் தண்ணி விடறாங்க. அதான் ஜனங்க ரெண்டு மடங்கு சோப்பு கரைக்கறாங்க. விளம்பரமும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

அதை அப்படியே எழுதியும் அனுப்பிவிட்டாள். விற்பனை மேனேஜர் கோபத்தில் சில மாதம் அந்த ஆபீஸ் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. முதலாளி அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அறையைப் பெருக்கும்போது பெருமூச்சு மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்டது. பிறகு அந்த ஊரில் தண்ணீர் சரியாகி விற்பனை பழையபடி இறங்கியபோது, மேனேஜர் தானாகவே திரும்பி வந்தார்.

அந்த அறையில் இருந்த வருஷங்களில் அவர்கள் இருவரும் ஒரே டப்பாவிலிருந்து சாப்பிட்டார்கள். ஒருத்திக்குத் தும்மல் வந்தால் மற்றவள் கைக்குட்டையை எடுத்தாள். வாடி, போடி தவிர வேறு பேச்சு கிடையாது. சம்பளம் குறைவு, மின்விசிறி சுற்றுவதைவிட முனகுவது அதிகம், மழை பெய்தால் கம்ப்யூட்டர்களைத் தூக்கிக்கொண்டு அறையின் மறுகோடிக்கு ஓட வேண்டும். ஆனாலும் பின்னாளில் பிஸ்கட்டுக்கு வேலை என்ற சொல்லைக் கேட்டால் முதலில் நினைவுக்கு வந்தது அந்த அறைதான்.

கிளையன்டுகள் கூடினார்கள். ஆட்கள் கூடினார்கள். ஆபீஸ் ஒரு பெரிய கட்டடத்தின் ஐந்தாவது மாடிக்குப் போனது. எல்லா மேஜையும் ஒரே உயரம். முதலாளிக்குக் கண்ணாடி அறை வந்தது, துடைப்பம் போனது. டீம் செய்தியும் கதவிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போய், மனிதவளப் பிரிவு அனுப்புகிற மெயில் ஆகிவிட்டது. அதில் யாருக்கும் ஜலதோஷம் பிடிப்பதில்லை.

புது இடத்துக்கு வந்த வருஷம்தான் டீம் லீடர் பதவி ஒன்று உருவானது. அது யாருக்கு என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. சோப்புக்கும் இல்லை. புதுசாக ஒரு கைப்பைகூட வாங்கியிருந்தாள். அக்கா வாங்கிக் கொடுத்தது என்று சொன்னாள். ஒரு புதன்கிழமை முதலாளி பிஸ்கட்டைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, அந்தப் பதவி அவளுக்கு என்றார்.

பிஸ்கட் ஒரு கணம் தனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தாள். “சார், இது சோப்புக்குத்தானே வரணும்?”

“கணக்குல அவளுக்கு நூத்துக்கு நூறு. எனக்குத் தெரியாதா? ஆனா அவ கிளையன்ட்கிட்ட பேசிட்டு போனை வெச்சா, அடுத்த நிமிஷம் அந்த ஆள் என்னைக் கூப்பிடறாரு. நீ பேசினா யாரும் கூப்பிடறதில்ல. டீம் லீடருக்கு அதுதான் வேணும்மா.”

யோசிக்க ஒரு நாள் அவகாசம் கேட்டாள். வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் ஒரு கண்ணாடிச் சட்டத்தில் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார். “நீ வேண்டாம்னு சொன்னா அது அவங்களுக்குப் போயிடுமா, இல்ல வெளியில இருந்து யாரையாவது கூட்டிட்டு வந்துடுவாரா?” அந்தப் பதவி தனக்குப் பிடித்திருந்தது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. சரி என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, சோப்பிடம் தானே சொல்ல வேண்டும், மறுநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள்.

மத்தியானம்வரை மெயில் காத்திருக்கவில்லை. காலையில் எல்லாரும் உட்கார்ந்து சற்று நேரத்துக்கெல்லாம் டீம் செய்தி வந்துவிட்டது. மேலே பிஸ்கட்டின் பழைய போட்டோ, கீழே வாழ்த்து. வரிசை வரிசையாகத் தலைகள் நிமிர்ந்தன. யாரோ கை தட்டினார்கள். சோப்பு பக்கத்து நாற்காலியில் அமர்ந்து அதை முழுக்கப் படித்தாள். பிறகு எழுந்து நின்று கையை நீட்டினாள்.

“வாழ்த்துகள், மேடம்.”

அதில் குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தால் தேவலை என்று பிஸ்கட்டுக்குத் தோன்றியது. பாங்கு மேனேஜரிடம் பேசுகிற மாதிரி, மரியாதையாக, சுத்தமாக இருந்தது அந்தக் குரல்.

அதற்குப் பிறகு பல மாதம் அப்படியே போனது. ‘அனுப்பிட்டேன் மேடம்.’ ‘பார்த்துட்டேன் மேடம்.’ சாப்பாட்டு நேரத்தில் சோப்பு ஷாம்புவோடு போய் உட்கார்ந்துகொண்டாள். பிஸ்கட்டுக்கு ஒதுக்கிய சின்னக் கண்ணாடி அறையிலிருந்து பார்த்தால் சோப்பின் பின்னந்தலை மட்டும் தெரியும். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. முன்பைவிட ஒழுங்காகவே செய்தாள். அதுதான் பிஸ்கட்டுக்குத் தாங்கவில்லை. சாப்பாட்டு டப்பாவைப் பழைய வழக்கத்தில் நிறைய நிரப்பிக் கொண்டுபோய், பாதியைத் திருப்பிக் கொண்டுவருவாள்.

கணவர் ஆறுதல் சொல்லப் பார்த்தார். “புதுக் கண்ணாடி போட்டா முதல்ல தலை சுத்தும். போகப் போகப் பழகிடும்.”

“எத்தனை மாசம் சுத்தும்?”

அவர் நேர்மையான கடைக்காரர். கொஞ்சம் யோசித்துவிட்டு, “பவர் தப்பா இருந்தா சுத்திக்கிட்டேதான் இருக்கும்” என்றார்.

முடிச்சு அவிழ்ந்தது ஒரு சண்டையில். கிளையன்ட் ஒருவர் எலுமிச்சை வாசனை போட்ட புதுச் சோப்பு ஒன்றைச் சந்தைக்கு விட்டிருந்தார். முதல் மாதம் நன்றாகப் போனது, அதோடு சரி. ‘ஒரு தடவை வாங்கியவர்கள் மறுபடி வாங்கவில்லை’ என்று சோப்பு அறிக்கையில் எழுதியிருந்தாள். அது கிளையன்டுக்குச் சுருக்கென்று படுமே என்று பிஸ்கட் அந்த வரியை அடித்துவிட்டு, ‘வாடிக்கையாளர்கள் இந்தத் தயாரிப்போடு இன்னும் பழகிவருகிறார்கள்’ என்று மாற்றினாள். அன்று சாயங்காலம் கதவைத் தட்டாமல் சோப்பு உள்ளே வந்தாள். கையிலிருந்த தாள்களை மேஜைமேல் போட்டாள்.

“என்னடி எழுதி வெச்சிருக்க? பழகிட்டு வராங்களா? சோப்போட என்னடி பழகறது, அது என்ன மாப்பிள்ளையா?”

கண்ணாடிக்கு வெளியே தலைகள் திரும்பின. பிஸ்கட்டுக்கு அந்த ‘டி’யைத் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துவிட்டாள்.

“எதுக்குடி சிரிக்கற?”

“ஒண்ணுமில்ல. இன்னொரு தடவை திட்டு.”

சோப்பு முறைத்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டாள்.

“சண்டை போட்டிருந்தா ஒரு வாரத்துல முடிஞ்சிருக்கும்” என்றாள் சோப்பு. “அன்னைக்கு எனக்கு அதுகூட வரல.”

அன்று மத்தியானம் நானே சொல்லலாம் என்றுதான் இருந்தேன் என்று பிஸ்கட் அப்போதுதான் சொன்னாள். சோப்பு தலையை மட்டும் ஆட்டினாள். அந்த வரியைச் சேர்ந்து திருத்தினார்கள். ‘முதல் தடவை வாசனைக்காக வாங்கினார்கள். இரண்டாம் தடவை வாங்க அந்த வாசனை மட்டும் போதவில்லை’ என்று வந்தது. உண்மையும் கெடவில்லை, கிளையன்டும் போனை வைத்துவிட்டு முதலாளியைக் கூப்பிடவில்லை. மறுநாள் மத்தியானம் சோப்பு தன் டப்பாவை எடுத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குள் வந்து, எதிரே உட்கார்ந்து, “நகருடி” என்றாள். பிஸ்கட் மனிதவளப் பிரிவுக்குப் போய், இனிமேல் யாருடைய பதவி உயர்வும் அவரோடு உட்கார்ந்திருக்கிறவர்களிடம் நேரில் சொல்லாமல் மெயிலில் வரக்கூடாது என்று சண்டை போட்டு, அதை வழக்கமாக்கினாள்.

பின்னால் வந்த வருஷங்கள் நல்ல வருஷங்கள். அறிக்கை என்றால் சோப்பு எலும்பை எழுதுவாள், பிஸ்கட் சதையை வைப்பாள். பிஸ்கட் டீம் லீடரிலிருந்து மேனேஜர் ஆனாள், பிறகு பிரிவுக்கே தலைவி ஆனாள். சோப்புக்கென்று முதுநிலை ஆய்வாளர் என்று ஒரு பதவியை வாதாடி வாங்கிக் கொடுத்தாள். யாரோடும் இனிக்க இனிக்கப் போனில் பேச வேண்டாம், கணக்கு மட்டும் பார்த்தால் போதும். ஷாம்பு ஓய்வு பெற்றார். டீத்தூள் வேறு ஊருக்குப் போனார். புதுப் பிள்ளைகள் வந்தார்கள். அவர்கள் பட்டப்பெயர் வைத்துக்கொள்வதில்லை.

ஒரு நாள் மத்தியானம் படிக்கட்டில் ஏறும்போது சோப்பு பாதியில் நின்றாள். லிஃப்டில் பேச முடியாத விஷயம் என்றால்தான் அவள் படியேறலாம் என்பாள்.

“அந்தத் தண்ணி விஷயத்துல கோபிச்சுக்கிட்டாரே, அந்த மேனேஜர், இப்ப அங்க பெரிய ஆளு. அவங்க டேட்டா டீமுக்குத் தலைமையா வர முடியுமான்னு கேக்கறாரு. ‘முகத்துக்கு நேரா சொல்ற ஆள் எனக்கு உள்ளயே வேணும்’னாரு. வரேன்னு சொல்லிட்டேன்.” கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே சொன்னாள். “முதலாளிக்கு இன்னும் தெரியாது. உன்கிட்டதான் முதல்ல.”

கடைசி வார்த்தையைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். பிஸ்கட்டின் மனம் அதிலேயே நின்றுவிட்டது. எத்தனையோ சொல்ல இருந்தது. வாயில் வந்ததோ, “அங்க நாற்காலியெல்லாம் நல்லா இருக்குமா?” என்ற கேள்விதான். சோப்பு, “சுழலுமாம்” என்றாள். இருவரும் ஐந்தாவது மாடிவரை மூச்சு வாங்க ஏறினார்கள்.

கடைசி நாள் கேக் வெட்டினார்கள். முதலாளி பேச எழுந்து, இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு, கேக்கைச் சாப்பிடுங்கள் என்று உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் பிஸ்கட்டும் சோப்பும் யாரிடமும் சொல்லாமல் வெளியே கிளம்பினார்கள். எங்கே போவது என்று பேசிக்கொள்ளாமலே பழைய தெருவுக்குப் போகிற பஸ்ஸில் ஏறினார்கள்.

கட்டடம் அப்படியே இருந்தது, வண்ணம் மட்டும் வேறு. மேலே தையல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மிஷின்களின் சத்தம் படிவரை கேட்டது. பல் டாக்டர் வாசல் நிழலில் நின்றுகொண்டிருந்தார். நன்றாக நரைத்துவிட்டது. இவர்களைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தவர், மேலே வாடகைக்கு இருந்தவர்கள்தானே என்றார். உங்கள் மிஷின் சத்தத்தில் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமா என்று சோப்பு ஆரம்பித்தாள்.

“நீங்க பட்ட பாடா?” என்றார் டாக்டர். “பேஷன்ட் நாற்காலியில படுத்திருப்பாங்க. நான் ஊசியை எடுப்பேன். மேல இருந்து ஒரு பொண்ணு குரல் கேக்கும், ‘செத்துப்போச்சு, மொத்தமா செத்துப்போச்சு, இனிமே எழுந்திரிக்காது’ன்னு. அதுக்கப்புறம் அவங்க எங்க வாயைத் திறக்கறது? எத்தனை பேர் எழுந்து ஓடியிருக்காங்க தெரியுமா?”

அந்தக் குரல் சோப்பினுடையது. செத்துப்போனது ஏதோ ஒரு பிராண்டாக இருக்கும். அங்கேயே, நடுத்தெருவில், இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது சோப்பின் கண் ஈரமாக இருந்தது. பிஸ்கட் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள். மேலே ஏறிப் பார்க்கலாமா என்று அவள் கேட்க, சோப்பு ஜன்னலை அண்ணாந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை டீம் செய்தியில் சோப்பு விலகியதைப் பற்றி நாலு வரி எழுத வேண்டிய வேலை பிஸ்கட்டினுடையது. ‘அவர் நம்மோடு இருந்த காலத்தில்’ என்று தொடங்கி, அழித்து, மறுபடி தொடங்கி, கடைசியில் எல்லாருக்கும் எழுதுகிற மாதிரியேதான் எழுதி அனுப்பினாள்.

ஒரு மாதம் கழித்து சோப்பு சேர்ந்திருந்த கம்பெனியில் மீட்டிங். வாசலில் பெயர் எழுதி, பார்வையாளர் அட்டை மாட்டிக்கொண்டு, பிஸ்கட் தன் டீமோடு போய் நீள மேஜையின் ஒரு பக்கம் உட்கார்ந்தாள். எதிர்ப்பக்கத்தில் சோப்பு. டீமிலிருந்த பெண் படம் போட்டு விளக்கிக்கொண்டே வந்தாள். மூன்றாவது படத்தில் சோப்பு கையைத் தூக்கி, இந்த ஏற்றத்துக்குக் காரணம் எழுதவில்லையே என்றாள். இரண்டு நாள் அவகாசம் கேட்டார்கள். ஒரு நாள் கொடுத்தாள். பிஸ்கட்டுக்கு உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

மீட்டிங் முடிந்து லிஃப்ட் வரை கூடவே வந்தாள் சோப்பு. மாமனாரின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். லிஃப்ட் வந்ததும், “இங்க எல்லாரும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிட்டே சாப்பிடறாங்கடி. பேச்சுத் துணைக்கு ஆள் இல்ல” என்றாள்.

“வியாழக்கிழமை வரேன்” என்றாள் பிஸ்கட்.

வியாழக்கிழமை போனாள். கம்பெனிக்குப் பின்னால் இருந்த சின்னப் பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து டப்பாக்களைத் திறந்தார்கள். அப்போதுதான் சங்கடம் புரிந்தது. இப்போது ஒருத்தி கிளையன்ட், மற்றவள் கணக்குத் தருகிறவள். சோப்பின் கம்பெனியில் நடப்பதை அவள் சொல்லக்கூடாது; போட்டிக் கம்பெனிகளின் கணக்கைப் பற்றி இவள் வாய் திறக்கக்கூடாது. இத்தனை வருஷமாகப் பேசிய பேச்செல்லாம் வேலையைப் பற்றித்தான் என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. கொஞ்ச நேரம் அசட்டுத்தனமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நான் நீச்சல் கத்துக்கறேன்” என்றாள் சோப்பு திடீரென்று.

“எப்பலேருந்து?”

“ரெண்டு வருஷமாச்சு. சனிக்கிழமை காலையில. இன்னும் வரல. காலை உதைன்னா கையை மறந்துடறேன், கையை அடின்னா மூக்கால தண்ணி குடிக்கறேன். சுத்தியும் எல்லாம் பொடிப் பசங்க. ‘ஆன்ட்டி, பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்’ங்குதுங்க.”

இரண்டு வருஷமாக அதை ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று பிஸ்கட் கேட்டாள். நீ கேட்கவில்லையே என்றாள் சோப்பு, குறையாக இல்லாமல். பிறகு, அக்காவும் தானும் சின்ன வயதில் ஒரு குளத்தின் கரையில் உட்கார்ந்து மற்ற பிள்ளைகள் நீந்துவதைப் பார்த்துக்கொண்டே இருந்ததையும், உள்ளே இறங்க அப்பா விடாததையும் சொன்னாள். பிஸ்கட் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அவளுக்குத் தெரியாத ஒருத்தியைப் பற்றிக் கேட்கிற மாதிரி இருந்தது.

சாப்பாட்டு நேரம் முடிந்துபோனது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

“சனிக்கிழமை எத்தனை மணிக்கு?” என்று கேட்டாள் பிஸ்கட்.